ஒதுக்கப்பட்ட சொற்களும் ஊர்பேர் தெரியாத பிழைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் மொரிஷியஸின் எபேனில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை பிற்பகல்களில் ரோஸ் ஹில்லில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்களுக்கு வலை நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் கோயிலின் தைப்பூசக் காவடிப் பதிவுப் பக்கத்தைப் பராமரிப்பதும் என் பொறுப்புத்தான். இந்த மூன்று இடங்களிலும் என்னை அதிக நேரம் உட்காரவைத்தவை கடினமான கணக்குகள் அல்ல. நிரலும் சரி, தர்க்கமும் சரி என்று இருக்கும்போது, ஒரு பொருளுக்கு நாங்கள் வைத்த பெயர் மட்டும் வேறொருவருக்கு முன்னமே சொந்தமாகிவிட்டிருந்த பிழைகளே அவை. வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை விடைகளோடு இங்கே எழுதி வைக்கிறேன். நிரற்சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நிரலில் அவை வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் வரும்.

ஒதுக்கப்பட்ட சொல் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு சொல்லுக்கு யாரோ முன்னமே ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார்கள், அதே சொல்லை நாம் வேறு வேலைக்கு எடுத்தால் ஏதோ ஒன்று கெடும் என்றால், அது ஒதுக்கப்பட்ட சொல். அந்த ‘யாரோ’ யார் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நிரல்மொழி ஒதுக்கியிருக்கலாம்: பைதான் 3.12-இல் ‘கிளாஸ்’, ‘பாஸ்’ முதலிய 35 சொற்கள் முழுமையாக ஒதுக்கப்பட்டவை. ‘மேட்ச்’, ‘கேஸ்’, ‘டைப்’, தனி அடிக்கோடு ஆகிய நான்கும் சில இடங்களில் மட்டும் ஒதுக்கப்பட்டவை. தரவுத்தளம் ஒதுக்கியிருக்கலாம்: ‘ஆர்டர்’, ‘குரூப்’. சட்டகம் (வலைத்தளம் கட்ட உதவும் ஆயத்த நிரல்தொகுப்பு, ஃபிரேம்வொர்க்) ஒதுக்கியிருக்கலாம்: ரெயில்ஸில் ‘டைப்’, ஜாங்கோவில் ‘பிகே’. உலாவி ஒதுக்கியிருக்கலாம்: படிவத்தில் ‘சப்மிட்’. யாரும் ஒதுக்காமலே, தாய் வகுப்பிலிருந்து வந்த ஒரு மெத்தடின் (வகுப்புக்குள் எழுதிய செயற்கூறின்) பெயராக அது அமைந்திருக்கவும் கூடும்.

மொழி ஒதுக்கிய சொல் வாசலிலேயே நம்மை நிறுத்திவிடும். வரி எண்ணோடு தொடரியல் பிழை வரும், திருத்திவிட்டுப் போகலாம். மற்றவை உள்ளே விட்டுவிட்டுப் பிறகுதான் கையைப் பிடிக்கும். இந்தப் பக்கம் முழுவதும் அந்த இரண்டாம் இனத்தைப் பற்றியதே.

ரெயில்ஸில் ‘டைப்’ என்று ஒரு புலம் (அட்டவணையின் நெடுவரிசை) வைத்தேன். பதிவுகளின் எண்ணிக்கை சரியாக வருகிறது, பட்டியலைத் திறந்தால் மட்டும் பக்கம் விழுகிறது. ஏன்?

இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். காவடிப் பதிவு அட்டவணையில் பெயர், தொலைபேசி எண், காவடியின் வகை என்று மூன்று புலங்கள் வைத்தேன். வகைக்கு ‘டைப்’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. என் கணினியில் ஐந்தாறு பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக ஓடியது. பிறகு முந்தைய ஆண்டின் எக்செல் பட்டியலை நேரடியாகத் தரவுத்தளத்தில் ஏற்றினேன். முகப்பில் மொத்த எண்ணிக்கை ஒழுங்காக வந்தது. பட்டியலைத் திறந்தால் துணை வகுப்பு கிடைக்கவில்லை என்ற பிழை. துணை வகுப்பு என்ற ஒன்றையே நான் எழுதவில்லையே என்று நிரல் முழுவதையும் தேடினேன். ஏற்றிய தரவு கெட்டுவிட்டதோ என்று எண்ணி எக்செல் கோப்பை மூன்று முறை மறுபடி ஏற்றினேன்.

நடந்தது இதுதான். ஒரே அட்டவணையில் பல வகுப்புகளின் பொருள்களைச் சேமிக்க ரெயில்ஸில் ஒரு வசதி உண்டு. எந்த வரிசை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதை அது ‘டைப்’ என்ற புலத்தில் எழுதிவைக்கும். படிக்கும்போது அதே புலத்தைப் பார்த்து அந்த வகுப்பின் பொருளை உருவாக்கும். என் புலத்தில் ‘பால்’ என்று இருந்ததால், பால் என்ற பெயரில் ஒரு வகுப்பைத் தேடிப் போய்விட்டது. எண்ணிக்கையைத் தரவுத்தளமே எண்ணிச் சொல்கிறது, அங்கே பொருள் எதுவும் உருவாவதில்லை. ஆகவே எண் மட்டும் சரியாக வந்தது. என் சோதனைப் பதிவுகள் ஏன் ஓடின? அப்போது வகையைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியைப் படிவத்தில் நான் இன்னும் வைக்கவில்லை; புலம் வெறுமையாக இருந்தால் ரெயில்ஸ் அதைக் கண்டுகொள்ளாது.

இதில் எனக்கு வெட்கம் தருவது வேறொன்று. அந்தப் பிழைச்செய்தியின் மீதிப் பகுதி, ‘டைப்’ என்ற புலம் வகுப்பின் பெயரைச் சேமிக்க ஒதுக்கப்பட்டது, அதற்காக வைக்கவில்லையென்றால் பெயரை மாற்றுங்கள், இல்லையேல் அந்த வேலைக்கு வேறு புலத்தைக் குறித்துக் கொடுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நான் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டேன்.

புலங்களுக்குப் பிரெஞ்சிலோ தமிழிலோ பெயர் வைத்தால் இந்தத் தொல்லையே இருக்காதல்லவா?

மொரிஷியஸில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். பாதிப்பேர் பள்ளியில் படித்த பிரெஞ்சிலேயே புலங்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். ஆனால் ஆபத்தான சொற்களில் பல இரு மொழிகளிலும் ஒரே எழுத்துக்கூட்டல் கொண்டவை. ‘டைப்’பைப் பிரெஞ்சில் ‘தீப்’ என்று உச்சரித்தாலும் எழுதும் எழுத்து அதே நான்குதான். ஆக்‌ஷன், ஃபார்மட், டேபிள், இண்டெக்ஸ், ஆப்ஷன் எல்லாமே அப்படித்தான். பிரெஞ்சில் எழுதினோம், தப்பித்தோம் என்று நினைத்தவர்கள் இவற்றில்தான் மாட்டுகிறார்கள். ஆர்டருக்குப் பதிலாக ‘கொமாந்த்’, குரூப்புக்குப் பதிலாகக் கடைசியில் ஓர் எழுத்து கூடிய ‘குரூப்’, கிளாஸுக்குப் பதிலாக ‘கிளாஸ்ஸ’ என்றால் உண்மையிலேயே தப்பலாம்.

‘வகை’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் எந்தச் சட்டகத்தோடும் மோதாது. ஆனால் உங்களுக்குப் பின் அந்த நிரலைத் தொடப்போகிறவர் தமிழ் தெரிந்தவரா என்பதையும் யோசியுங்கள். பைதானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் தமிழ் எழுத்திலேயே மாறிப் பெயர் வைக்கலாம். அதில் ஒரு நுட்பம் உண்டு. ‘பொருள்’ என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைதான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை இரு வேறு பெயர்களாகவே பார்த்து, அப்படி ஒரு மாறி இல்லை என்று சொல்லிவிடும். ஆகவே ‘காவடி வகை’ என்பதுபோல் இரண்டு சொற்களை அடிக்கோட்டால் இணைத்துப் பெயர் வைப்பதே என் வழக்கம். எந்த மொழியிலும் இரட்டைச் சொற்பெயர் மோதுவது அரிது.

வலைப்பக்கம் ஓடுகிறது. அதே அட்டவணையிலிருந்து நான் கையால் எழுதிய அறிக்கை மட்டும் 1064 என்ற பிழையோடு நிற்கிறது. என்ன காரணம்?

வகுப்பில் ஒருவர், ஏழு கறிச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்யும் பக்கம் ஒன்றை லாராவெலில் எழுதினார்; அட்டவணையின் பெயர் ‘ஆர்டர்’. பதிவு செய்வது, திருத்துவது, நீக்குவது எல்லாம் நடந்தது. எத்தனை இலை போட வேண்டும் என்று கணக்கிடும் அறிக்கையை நேரடி எஸ்கியூஎல்லில் எழுதியபோதுதான் பிழை வந்தது.

லாராவெல், ஜாங்கோ, ரெயில்ஸ் மூன்றும் தாங்கள் உருவாக்கும் வினவல்களில் அட்டவணை, புலப் பெயர்களைத் தாமே மேற்கோள் குறிக்குள் அடைத்துவிடும். அடைத்த பெயரைத் தரவுத்தளம் வெறும் பெயராகவே கொள்ளும். நாம் கையால் எழுதும்போது அடைப்பதில்லை. அப்போது ‘ஆர்டர்’ என்பது ‘ஆர்டர் பை’ என்பதன் தொடக்கமாகிவிடுகிறது. சட்டகம் நம் தவறை மாதக்கணக்கில் மூடி மறைத்து வைத்திருக்கிறது என்பதே இதன் பொருள். ஜாவா உலகின் ஹைபர்னேட் இயல்பாக இப்படி அடைப்பதில்லை. அங்கே முதல் நாளே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் அதுவே மேல்.

மையெஸ்கியூஎல்லின் 1064 செய்தியைப் படிக்க ஒரு முறை உண்டு. ‘இதற்கு அருகில்’ என்று மேற்கோளுக்குள் அது ஒரு துண்டு வினவலைக் காட்டும். அந்தத் துண்டு, தரவுத்தளம் தடுக்கிய இடத்திலிருந்து தொடங்குகிறது. குற்றவாளி பெரும்பாலும் துண்டின் முதற்சொல், இல்லையேல் அதற்குச் சற்று முன்னிருக்கும் சொல். துண்டின் நடுவிலும் கடைசியிலும் தேடுவது வீண்.

போஸ்ட்கிரெஸில் ‘யூசர்’ என்ற என் அட்டவணையில் இருபது பேர் இருக்கிறார்கள். வினவினால் ஒரே ஒரு வரிசை வருகிறது, அதுவும் நான் போடாத பெயர். தரவு எங்கே போனது?

தரவு எங்கும் போகவில்லை. போஸ்ட்கிரெஸில் ‘யூசர்’ என்பது, இப்போது இணைந்திருக்கும் தரவுத்தளப் பயனர் யார் என்று சொல்லும் சொல். அதிலிருந்து எல்லாவற்றையும் எடு என்று எழுதினால், பிழை எதுவும் தராமல், ‘போஸ்ட்கிரெஸ்’ என்றோ நீங்கள் உள்நுழைந்த வேறு பெயரையோ ஒற்றை வரிசையாக நீட்டும். ‘ஐடி’ புலத்தை எடு என்றால், அப்படி ஒரு புலம் இல்லை என்று சொல்லும். பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் உங்கள் இருபது பேரும் வந்துவிடுவார்கள். பிழை தராமல் தவறான விடை தரும் இந்த வகையே எனக்கு மிகவும் அச்சமூட்டுவது. ‘யூசர்ஸ்’ என்று பன்மையில் வைத்தால் இந்தக் கதையே இல்லை.

நேற்றுவரை ஓடியது. நான் ஒரு வரியையும் மாற்றவில்லை. அதெப்படி?

நீங்கள் மாற்றவில்லை, கீழே இருப்பது மாறியிருக்கும். மையெஸ்கியூஎல் 8.0 வந்தபோது ‘ரேங்க்’, ‘குரூப்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘விண்டோ’ ஆகியவை புதிதாக ஒதுக்கப்பட்டன, 5.7-இல் அவை சாதாரணச் சொற்கள். 2023 அக்டோபரில் 5.7-க்கான ஆதரவு முடிந்ததையொட்டிச் சேவையகங்களை உயர்த்தியவர்கள் பலர் இதைச் சந்தித்தார்கள். 2018-இல் பைதான் 3.7 ‘அசிங்க்’, ‘அவெய்ட்’ இரண்டையும் முழுமையாக ஒதுக்கியது. ‘அசிங்க்’ என்று அளபுருவுக்குப் (பாராமீட்டர்) பெயர் வைத்திருந்த நிரல்தொகுப்புகள் அன்றே உடைந்தன. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8.0 ‘மேட்ச்’சை எடுத்துக்கொண்டது. கால்பந்து அட்டவணை வைத்திருக்கும் ஊரில் ‘மேட்ச்’ என்று வகுப்பு எழுதாதவர் உண்டா? பதிப்பை உயர்த்துமுன், அதன் வெளியீட்டுக் குறிப்பில் ‘புதிதாக ஒதுக்கப்பட்டவை’ என்ற பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஃபிளாஸ்க் வார்ப்புருவில் ‘ஐட்டம்ஸ்’ என்ற பட்டியலைச் சுற்றிவரச் சொன்னால், உள்ளமைந்த மெத்தட் சுற்றக்கூடியதல்ல என்கிறது. பட்டியலைத்தானே கொடுத்தேன்?

பட்டியலைக் கொடுத்தீர்கள், ஆனால் ஓர் அகராதிக்குள் (சாவியும் மதிப்புமாகத் தரவை வைக்கும் பைதான் வகை) வைத்துக் கொடுத்தீர்கள். பதிவு என்ற அகராதியில் ‘பெயர்’, ‘ஐட்டம்ஸ்’ என்று இரண்டு சாவிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வார்ப்புருவில் பதிவு, புள்ளி, ஐட்டம்ஸ் என்று எழுதுகிறீர்கள். ஃபிளாஸ்க் பயன்படுத்தும் ஜிஞ்சா, புள்ளியைக் கண்டதும் முதலில் அந்தப் பொருளின் பண்பைத் தேடும். கிடைக்காவிட்டால்தான் சாவியைத் தேடும். பைதான் அகராதி ஒவ்வொன்றுக்கும் பிறவியிலேயே ‘ஐட்டம்ஸ்’ என்ற மெத்தட் உண்டு. அது கிடைத்துவிட்டதால், உங்கள் சாவியை ஜிஞ்சா எட்டிப் பார்ப்பதே இல்லை. ‘பெயர்’ என்ற மெத்தட் அகராதிக்கு இல்லாததால் பெயர் மட்டும் ஒழுங்காக வருகிறது. பக்கத்தின் மேற்பகுதி சரி, கீழ்ப்பகுதி தவறு என்ற விந்தை அதனால்தான். சதுர அடைப்பும் மேற்கோளும் இட்டு எழுதினால் ஜிஞ்சா சாவியை முதலில் தேடும். ‘கீஸ்’, ‘வேல்யூஸ்’, ‘காப்பி’, ‘அப்டேட்’, ‘பாப்’ ஆகிய சாவிகளுக்கும் இதே கதிதான்.

ஜாங்கோ வார்ப்புருவில் வரிசை தலைகீழ்: முதலில் சாவி, பிறகு பண்பு, பிறகு பட்டியல் எண். அங்கே மேற்கண்ட நிரல் அப்படியே ஓடும். ஆனால் இல்லாத சாவியைக் கேட்டால் தானாக ஒன்றை உருவாக்கித் தரும் ‘டிஃபால்ட்டிக்ட்’ வகை அகராதியைக் கொடுத்துவிட்டு ‘ஐட்டம்ஸ்’ மெத்தடை எதிர்பார்த்தால், அது ‘ஐட்டம்ஸ்’ என்று புதிதாக ஒரு சாவியை உண்டாக்கி வெறுமையை நீட்டும். ஒரு சட்டகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

ஜாங்கோவில் ‘பூல்’ பொருளை அழைக்க முடியாது என்று வருகிறது. நான் எதையும் அழைக்கவே இல்லையே?

நீங்கள் அழைக்கவில்லை, ஜாங்கோ அழைத்தது. திருவிழா முடிந்ததும் எந்தத் தெரு சுத்தம் செய்யப்பட்டது என்று குறிக்க ஒரு மாணவி ‘கிளீன்’ என்று ஆம்-இல்லைப் புலம் வைத்தார். கட்டளைச் சாளரத்தில் சேமித்தால் சேமிக்கிறது. படிவத்தின் வழியே சேமித்தால் விழுகிறது. ஜாங்கோவின் எல்லா மாதிரிகளுக்கும் (அட்டவணையைக் குறிக்கும் மாடல் வகுப்புகள்) ‘கிளீன்’ என்ற மெத்தட் உண்டு, தரவைச் சரிபார்ப்பது அதன் வேலை. படிவம் சரிபார்க்கும்போது அதை அழைக்கும். வெறும் சேமிப்பு அழைக்காது. அழைக்கப்போன இடத்தில் மெத்தடுக்குப் பதில் ‘ஆம்’ என்ற மதிப்பு உட்கார்ந்திருந்தது.

இந்த வாய்பாட்டை மனத்தில் வையுங்கள்: ஏதோ ஒரு தரவு வகையை ‘அழைக்க முடியாது’ என்று பைதான் சொன்னால், ஒரு மெத்தடின் நாற்காலியில் உங்கள் தரவு அமர்ந்துவிட்டது என்று முதலில் சந்தேகப்படுங்கள். எல்லா மோதலையும் ஜாங்கோ இப்படி விட்டுவிடுவதில்லை. ‘பிகே’ என்று புலம் வைத்தாலோ, பெயருக்குள் இரட்டை அடிக்கோடு வைத்தாலோ, தொடங்கும்போதே குற்றவாளியின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடும். பைதானின் தரவுத்தள நூலகமான எஸ்கியூஎல்அல்கெமியும் ‘மெட்டாடேட்டா’ என்ற பண்பு ஒதுக்கப்பட்டது என்று நேராகவே சொல்லும்.

பொத்தானை அழுத்தினால் படிவம் போகிறது. ஜாவாஸ்கிரிப்ட் வழியே அனுப்பினால், ‘சப்மிட்’ ஒரு செயற்கூறு அல்ல என்கிறது. ஏன்?

உங்கள் பொத்தானின் ‘நேம்’ பண்பில் ‘சப்மிட்’ என்று எழுதியிருப்பீர்கள். படிவத்துக்குள் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் அதன் பெயராலேயே படிவப் பொருளின் பண்பாகத் தருவது உலாவியின் பழைய வழக்கம். ஆகவே படிவத்தின் ‘சப்மிட்’ இப்போது அனுப்பும் செயற்கூறு அல்ல, அந்தப் பொத்தான். பொத்தானின் பெயரை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

‘ஆக்‌ஷன்’ என்று உள்ளீட்டுப் பெட்டிக்குப் பெயர் வைத்தாலும் இதே சிக்கல்: படிவம் எந்த முகவரிக்குப் போகிறது என்று கேட்டால் பெட்டியே கையில் வரும். ரெயில்ஸில் இது இன்னும் ஒரு படி மோசம். ‘ஆக்‌ஷன்’, ‘கண்ட்ரோலர்’ இரண்டையும் வழித்தடத்திலிருந்து எடுத்து, வந்த தரவின்மேல் ரெயில்ஸ் எழுதிவிடும். பயனர் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ‘கிரியேட்’ என்றுதான் இருக்கும்.

‘நேம்’ என்பதும் உலாவியில் ஏற்கெனவே உள்ள பெயர். சாதாரண ஸ்கிரிப்ட் ஒன்றின் மேல்மட்டத்தில் ‘வார்’ இட்டு ‘நேம்’ என்ற மாறியில் ஒரு பட்டியலை வைத்தால், அது காற்புள்ளிகளால் இணைந்த ஒரே சரமாகிவிடும்.

தொகுப்பை இறக்குமதி செய்தாலே (இம்போர்ட்) பிழை வருகிறது. என் நிரல் ஓடவே தொடங்கவில்லை. எங்கே தேடுவது?

உங்கள் கோப்புகளின் பெயரில். பஞ்சாங்க நாள்களைக் காட்டும் பக்கத்துக்கு ஒருவர் ‘காலண்டர்’ என்று பைதான் கோப்பு எழுதினார். மறுநாள் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ தொகுப்பை இறக்குமதி செய்தபோது, ‘காலண்டர்’ என்பதிலிருந்து ‘டைம்ஜிஎம்’ கிடைக்கவில்லை என்று வந்தது. ‘டைம்ஜிஎம்’ என்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பைதானின் நிலையான நூலகத்தில் ‘காலண்டர்’ என்று ஒன்று இருக்கிறது. குக்கிகளைக் கையாளும் பகுதி அதைக் கேட்கிறது. கேட்டவுடன் கிடைத்ததோ இவருடைய பஞ்சாங்கம். செய்தியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் கோப்பின் முழுப்பாதை இருந்தது, அதுவும் அவருடைய சொந்தக் கோப்புறை. அதைப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ‘ஃபிளாஸ்க்’, ‘ஈமெயில்’ என்று கோப்புக்குப் பெயர் வைப்பதும் இப்படித்தான். பைதான் 3.13 முதல், நிலையான நூலகத்தின் பெயரோடு உங்கள் கோப்பு மோதுகிறது, பெயரை மாற்றிப் பாருங்கள் என்ற குறிப்பு செய்தியிலேயே வருகிறது.

ரியாக்டில் ‘கீ’ என்று அனுப்பிய மதிப்பு உள்ளே வெறுமையாக இருக்கிறதே?

‘கீ’யை ரியாக்ட் தன் தேவைக்கு எடுத்துக்கொள்ளும், கூறுக்குள் (காம்பொனென்ட்) அனுப்பாது. அதே மதிப்பை வேறொரு பெயரில் இன்னொரு முறை அனுப்புங்கள். வியூவிலும் ‘கீ’ ஒதுக்கப்பட்டதே.

எந்தச் சட்டகம் என்றாலும், பெயர்தான் காரணம் என்று எப்படி உறுதிசெய்வது?

முதலில் கடைசியாக நீங்கள் புதிதாக வைத்த பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். வழக்கமாக மூன்று நான்குக்கு மேல் இராது. நிரலின் ஒரு நகலில் சந்தேகமான பெயரை யாரும் வைக்காத ஒரு பெயராக மாற்றி ஓட்டுங்கள். எங்கள் வகுப்பில் ‘பலாக்காய்’ என்று மாற்றுகிறோம். அந்தப் பெயரில் எந்தச் சட்டகத்திலும் மெத்தட் கிடையாது. பிழை மறைந்தால் பெயரே காரணம். மறையாவிட்டால் தர்க்கத்தில் தேடுங்கள். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் இதை முதல் வேலையாகச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெயரில் என்ன இருக்கப்போகிறது என்றே எல்லோரும் எண்ணுகிறோம்.

பெயர் சொந்தமானது யாருக்கு என்று அறிய, அந்தப் பொருளிடமே கேட்கலாம். பைதானில் ‘டிர்’ என்ற செயற்கூறு, நீங்கள் எதையும் சேர்க்காத வெற்று வகுப்பில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று காட்டும். ரூபியில் ஒரு மெத்தடை எடுத்து அதன் ‘ஓனர்’ யார் என்று கேட்கலாம். தரவுத்தளத்தில், போஸ்ட்கிரெஸின் ‘பிஜி கெட் கீவேர்ட்ஸ்’ என்ற செயற்கூறும், மையெஸ்கியூஎல் 8.0-இன் ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’வில் உள்ள ‘கீவேர்ட்ஸ்’ அட்டவணையும், உங்கள் சேவையகத்தில் ஓடும் அதே பதிப்புக்குரிய பட்டியலைத் தருகின்றன. இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியல்களைவிட இவற்றையே நம்புங்கள்.

பெயரை மாற்றுவதா, மேற்கோளுக்குள் அடைத்துவிட்டுப் போவதா?

பக்கம் இன்னும் வெளியாகவில்லை என்றால் மாற்றுங்கள், இதில் இரண்டாம் யோசனை வேண்டாம். மையெஸ்கியூஎல்லில் ‘பேக்டிக்’ என்ற சாய்ந்த மேற்கோள் (`), போஸ்ட்கிரெஸில் இரட்டை மேற்கோள், எஸ்கியூஎல் சர்வரில் சதுர அடைப்பு என்று அடைக்கலாம்; ஆனால் இனி அந்தப் பெயரைத் தொடும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் நினைவாக அடைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில், அடைத்து எழுதும் பெயரில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடும் முக்கியமாகிவிடும்.

ஏற்கெனவே தரவு நிரம்பிய பக்கம் என்றால் நடுவழி உண்டு. தரவுத்தளத்தில் பழைய பெயரை அப்படியே விட்டு, நிரலில் மட்டும் புதுப்பெயர் வைக்கலாம். ஜாங்கோவில் ‘டிபி காலம்’ என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. புலத்தின் பெயரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய நிரல் பழைய பெயரைத் தேடும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பக்கம் விழும் என்று கணக்கில் வையுங்கள். கோயிலில் கொடியேறிவிட்டால் எங்கள் பக்கத்தில் எந்தப் பெயரையும் நான் தொடுவதில்லை. தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் செய்துகொள்ளலாம்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது எதை அனுப்ப வேண்டும்?

பிழைச்செய்தியை முழுமையாக, எழுத்தாகவே அனுப்புங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தில் கடைசி வரி எப்போதும் வெட்டுப்பட்டிருக்கும். சட்டகம், மொழி, தரவுத்தளம் மூன்றின் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர்களை மாற்றாமல் அனுப்புங்கள். அலுவலகத்து நிரலை வெளியே காட்டக் கூடாது என்றோ, தமிழ்ப்பெயர் மற்றவருக்குப் புரியாது என்றோ, பலரும் ‘ஏ’, ‘பி’, ‘சோதனை’ என்று பெயர்களை மாற்றிச் சுருக்கி அனுப்புகிறார்கள். ஒருமுறை ஒரு மாணவர் அப்படி அனுப்பிய நிரல் என் கணினியில் பிழையே இல்லாமல் ஓடியது. இரண்டு மாலைகள் அவருடைய கணினியையும் அதன் பதிப்புகளையும் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாலை அவர் மடிக்கணினியோடு நேரில் வந்து திரையைத் திருப்பிக் காட்டினார். எனக்கு அனுப்பியதில் ‘பி’ என்று இருந்த புலத்தின் உண்மையான பெயர் ‘டைப்’.